கஞ்சித் தொட்டியும் கணக்குப் புத்தகமும்

ராயபுரம் பக்கம் ஆட்டோ பிடித்து "ஸ்டான்லிக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டுகிறவர் என் வயதுக்காரராக இருந்தால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதானே சார்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் வண்டியைக் கிளப்புவார். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு எங்கும் வெகுகாலம் இந்தப் பெயர்தான் புழங்கியது. இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரிந்தவர்களிலும், ஏன் அந்தப் பெயர் என்று யோசித்தவர்கள் குறைவு.

போன மாதம் என் பேத்தி வந்திருந்தாள். படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என்ன வேலை என்று கேட்டேன். "கம்பெனிங்க தர்மம் பண்றாங்க இல்ல தாத்தா, அதனால ஜனங்களுக்கு என்ன பலன் கிடைச்சுதுன்னு அளந்து ரிப்போர்ட் எழுதணும்" என்றாள். எண்ணூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். அதைப் பார்க்கத்தான் வந்தாளாம். ராத்திரி சாப்பிடும்போது, "உங்க காலத்துல இதெல்லாம் யாராவது அளந்தாங்களா தாத்தா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. வெட்கத்துக்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முப்பத்து நாலு வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்று ஸ்டேட்மெண்ட் எழுதுவதுதான் என் பாதி உத்தியோகம். அவளுக்கு அன்று ராத்திரி சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். வழக்கம்போல, பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவனின் தமிழைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கஞ்சித் தொட்டி. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பிரதேசத்துக்குள் இறங்கியது. வயல்கள் பாழாயின, ஊர்கள் காலியாயின. பிழைக்க வழியில்லாத ஜனங்கள் கோட்டையை நம்பிச் சென்னப்பட்டணத்துக்கு வந்து குவிந்தார்கள். பட்டணத்துக்கு அரிசி கடல் வழியாக வரவேண்டியிருந்தது. 1782 அக்டோபரில் அடித்த புயலில் அரிசி ஏற்றி வந்த படகுகளும் உடைந்தன. அந்தப் பஞ்ச காலத்தில் ஒரு கிராமத்து மணியக்காரர் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஆரம்பித்த இடம்தான் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில் 'மணியக்காரர்' நுழையாமல் 'மொனேகார்' ஆயிற்று. 1782-ஐத்தான் அந்தச் சத்திரத்தின் தொடக்க வருஷமாகச் சொல்கிறார்கள். பிற்பாடு கம்பெனி அரசாங்கமும் அதற்குக் கை கொடுத்தது.

பசித்து வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகள். கஞ்சி மட்டும் போதாது, மருந்தும் வேண்டும் என்று ஆயிற்று. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டரின் பொறுப்பில் அங்கே சுதேசிகளுக்கான வைத்தியசாலை உருவானது. அதுவே வளர்ந்து ராயபுரம் ஆஸ்பத்திரி ஆகி, பக்கத்தில் மருத்துவப் பள்ளியும் வந்து, 1930-களில் கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938-ல் கல்லூரியும் ஆனது. பழைய ஜெயில் ரோட்டில் சத்திரம் இன்னமும் ஆதரவற்ற முதியவர்களுக்கான இல்லமாக இருக்கிறது.

"இப்ப சொல்லும்மா, அந்த மணியக்காரர் ஊத்தின கஞ்சிக்கு என்ன பலன்னு எந்த வருஷம் போய் அளப்பே?" என்று பேத்தியைக் கேட்டேன். 1783-ல் போயிருந்தால் இத்தனை மூட்டை அரிசி, இத்தனை பேருக்குக் கஞ்சி என்று ஒரு கணக்கு கிடைத்திருக்கும். கஞ்சி குடித்தவர்களில் பலர் செத்தும் போயிருப்பார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே இடத்தில் டாக்டர்கள் படித்து வெளியே வருவார்கள் என்று யாரும் எழுதியிருக்க முடியாது.

அவள் சும்மா இருக்கவில்லை. "அப்படின்னா அளக்கவே வேணாம்கிறீங்களா?" என்றாள். அப்படி நான் சொல்லமாட்டேன். அளக்காமல் விட்டதாலும் கெட்டிருக்கிறது, தப்பாக அளந்ததாலும் கெட்டிருக்கிறது. இரண்டுக்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. ஆனால் அதற்கு முன், என் பள்ளிக்கூடக் காலத்து ஞாபகம் ஒன்று.

பாண்டிச்சேரியில் எங்கள் வாத்தியார் வாரம் ஒரு தடவை 'தீக்தே' கொடுப்பார். அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் பிழையில்லாமல் எழுதவேண்டும். அப்படி எழுதிய ஒரு பாடத்தில் 'ரம்ஃபோர்டு சூப்' வந்தது. ரம்ஃபோர்டு பிரபு அமெரிக்காவில் பிறந்து ஜெர்மனியில் மியூனிக் நகரத்து அரசனிடம் வேலை பார்த்தவர், பெரிய விஞ்ஞானி. 1790-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி மியூனிக் தெருக்களில் இருந்த பிச்சைக்காரர்களை எல்லாம் பிடித்துக்கொண்டுபோய் ஒரு தொழிற்கூடத்தில் வேலை கொடுத்து, சாப்பாடும் போட்டார். எது மலிவாகவும் வயிறு நிறைவதாகவும் இருக்கும் என்று பரிசோதித்து, பார்லி, பட்டாணி, பிற்பாடு உருளைக்கிழங்கு, காடி, காய்ந்த ரொட்டித் துண்டு எல்லாம் போட்டு ஒரு சூப் கண்டுபிடித்தார். ஒரு ஆளுக்கு என்ன செலவு, எவ்வளவு விறகு என்று நுணுக்கமாகக் கணக்கு எழுதினார். 1800-ல் பாரிஸ் நகரத்திலும் தெலெசேர் என்ற செல்வந்தர் அந்தச் சூப்புக் கூடங்களைத் திறந்தார்.

கணக்கு அத்தனை சுத்தம். ஆனால் ஒரு கோளாறு. அதிக நேரம் கொதிக்கவைத்தால் தண்ணீரே உணவாக மாறிவிடும் என்று ரம்ஃபோர்டு நம்பினார். பார்லியோடு சேர்ந்து கொதித்த தண்ணீருக்குச் சத்து வந்துவிடும் என்று நினைத்தார். அதனால் சூப்பில் தண்ணீர் அதிகம், செலவு குறைவு, கணக்கு அழகு. குடித்தவன் உடம்பில் என்ன ஒட்டியது என்பது அந்தக் கணக்கில் இல்லை. நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருந்தால், கஞ்சியில் தண்ணீர் சேர்த்தால் பந்திதான் நீளும், பசி தீராது என்று சொல்லியிருப்பார்கள்.

இந்தத் தப்பு எண்பது வருஷம் கழித்து நம் மாகாணத்தில் வேறு ரூபத்தில் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் பீகாருக்குப் போய் வரவேண்டும்.

1873-74-ல் பீகாரில் மழை பொய்த்தது. நிவாரணப் பொறுப்பு சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியிடம் வந்தது. பர்மாவிலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் டன் அரிசி வாங்கி இறக்கினார்கள். வேலை செய்ய முடிந்தவனுக்கு வேலை, முடியாதவனுக்குச் சோறு. பஞ்சத்தால் செத்தவர்கள் என்று சொல்லும்படி அநேகமாக யாருமே இல்லை. அந்தக் காலத்தில் இப்படி ஒரு காரியம் நடந்ததே அதிசயம்.

டெம்பிளுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? வசவு. லண்டன் பத்திரிகைகளும் மேலதிகாரிகளும் இவ்வளவு பணமா என்று கேட்டார்கள். அரிசி மீந்துபோனது, செலவு கை மீறியது, யாரும் சாகவில்லை, ஆகவே அவ்வளவு பெரிய பஞ்சமே இல்லை என்றார்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள். செலவு கணக்குப் புத்தகத்தில் ரூபாய் அணா பைசாவாக எழுதியிருக்கிறது. சாகாமல் தப்பியவனின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. காரியம் முழுசாகப் பலித்தால், பலித்ததற்குச் சாட்சியே இருக்காது. கொசு மருந்து அடித்த வருஷம் மலேரியா வரவில்லை என்றால், 'எதுக்கு வீண் செலவு' என்று கேட்கிற ஆடிட்டரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடி வாங்கிய டெம்பிள் பாடம் கற்றுக்கொண்டார், ஆனால் தப்பான பாடம். 1876-ல் வடகிழக்குப் பருவமழை சென்னை மாகாணத்தில் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான். அப்போது கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. ஊர் ஊராக ஜனங்கள் பட்டணத்துக்கு நடந்து வந்தார்கள். கப்பலில் வந்த தானிய மூட்டைகள் நம் கடற்கரையிலேயே குவிந்து கிடக்க, வாங்கப் பணமில்லாதவர்கள் சுற்றி நின்றார்கள். 1877 ஜனவரியில் செலவைக் கட்டுப்படுத்த வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ஆள் அதே டெம்பிள்தான். இந்தத் தடவை சிக்கனத்துக்குப் பெயர் வாங்குவது என்று வந்திறங்கினார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும், உப்பு புளிக்குக் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அதற்கு 'டெம்பிள் கூலி' என்றே சரித்திரத்தில் பெயர். சிறைக் கைதிக்குக் கிடைத்தது கூட இதைவிட அதிகம் என்று அப்போதே பேசினார்கள்.

எதிர்த்து நின்றவர் டாக்டர் கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர். 1871-ஆம் வருஷ மக்கள் தொகைக் கணக்கை மாகாணத்துக்கு எடுத்து அறிக்கை எழுதியவரும் அவரே. ஆக, மனித உடம்பும் தெரியும், எண்ணிக்கையும் தெரியும். கூலி எவ்வளவு மிச்சமாயிற்று என்று பார்க்காதே, வேலை செய்கிறவன் உடம்பைப் பார் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு ஒன்றரை பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். இரண்டு பேரும் மாறி மாறி எழுதிக்கொண்டார்கள். சில மாதங்களில் சென்னை அரசாங்கம் கார்னிஷ் பக்கம் பாதி தூரம் வந்து, கூலியை ஒன்றேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்சு பருப்பும் என்று உயர்த்தியது. கேட்க அற்பமாக இருக்கும். கால் பவுண்டு அரிசியும் ஒரு பிடிப் பருப்பும் எத்தனை பேரை நிற்கவைத்திருக்கும் என்பதை அந்த வரிசையில் நின்றவன்தான் சொல்லமுடியும்.

அதே 1877-ல் வைஸ்ராய் லிட்டன் நேரிலேயே சென்னைக்கு வந்தார். இங்குள்ள முகாம்களைப் பார்த்துவிட்டு, இவை என்ன பிக்னிக்கா, எல்லாரும் கொழுத்துப்போய் இருக்கிறார்கள் என்ற தோரணையில் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அதே பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த போட்டோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலா எலும்பை எண்ணலாம், குழந்தைகளின் தலை மட்டும் பெரிதாகத் தெரியும். ஒரே மாகாணம், ஒரே ஜனங்கள். பார்க்க வருகிறவன் எதைப் பார்க்க வருகிறானோ அதையே பார்த்துவிட்டுப் போகிறான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கடைசிக் கணக்கு 1881-ல் வந்தது. 1871-ல் மாகாணத்து ஜனத்தொகை சுமார் 3 கோடியே 12 லட்சம். பத்து வருஷத்தில் அது கூடியிருக்கவேண்டும். 1881-ல் எண்ணியபோது 3 கோடியே 8 லட்சம்தான் இருந்தது. இந்தியா முழுவதும் அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று பஞ்சக் கமிஷனே கணக்கிட்டது. 'சிக்கனம்' என்ற பத்தியில் டெம்பிள் காட்டிய மிச்சத்துக்கு எதிர்ப்பத்தி இதுதான். பீகாரில் செலவு அதிகம், சாவு இல்லை. இங்கே செலவைப் பிடித்தார்கள், சாவைப் பிடிக்க முடியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் உண்மை தெரிகிறது. 1880-ல் கமிஷன் அறிக்கை வந்து, அதன் பேரில் பஞ்ச விதிகள் எழுதியபோதுதான் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும் என்பது சர்க்கார் புத்தகத்தில் ஏறியது.

இந்தப் பஞ்சத்தின் மிச்சம் ஒன்று இன்றும் நம் பக்கத்தில் கிடக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய். அதன் முதல் துண்டு, பட்டணத்திலிருந்து எண்ணூர் வரையில், 1806-லேயே வெட்டியது. ஊருக்குள்ளே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது. கால்வாய்க்குக் கவர்னரின் பெயர் வந்தது. அதை எப்படி அளப்பது? 1878-ல் பார்த்தால் கூலி கொடுக்க ஒரு சாக்கு. நான் பாண்டிச்சேரியிலிருந்து லீவுக்கு ராயபுரம் வந்த காலத்தில் பார்த்தால் விறகும் சுண்ணாம்பும் உப்பும் ஏற்றிய படகுகள் பேசின் பிரிட்ஜ் வரை வந்து நிற்கும் ஒரு நல்ல ரோடு. 1990-களில் பார்த்தால் சாக்கடை, அதன் நடுவே பறக்கும் ரயிலின் தூண்கள். 2004 சுனாமியில் கடல் தண்ணீரின் வேகத்தைப் பல இடங்களில் இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினார்கள். நாலு வருஷத்தில் நாலு விடை. அளக்கிறவன் தான் எந்த வருஷத்தில் நிற்கிறேன் என்பதையும் எழுதவேண்டும்.

நல்ல கணக்கு இருந்தும் நின்றுபோன தர்மம் ஒன்றும் நம் பட்டணத்தில் உண்டு. நம் வடசென்னைக்காரர், வெள்ளுடை வேந்தர் தியாகராயச் செட்டியார், மாநகராட்சித் தலைவராக இருந்தபோது 1920-ல் ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-ல் பிள்ளைகள் 811. அடுத்த வருஷம் 1,171. அதற்கும் அடுத்த வருஷம் 1,671. இரண்டு வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல். இதைவிடத் தெளிவான ஸ்டேட்மெண்ட் எந்த ஆபீசிலும் இருக்காது.

ஆனால் 1925 ஏப்ரலில் நின்றது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுச் செலவை எழுத அனுமதி இல்லை. சாப்பாடு கல்வி ஆகாதாம். எண்ணிக்கையைப் பார்த்து யாரும் மறுக்கவில்லை, தலைப்பைப் பார்த்து மறுத்தார்கள். எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற சண்டையில் எத்தனை நல்ல காரியம் நின்றிருக்கிறது என்பது எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத்தான் தெரியும். காமராஜர் காலத்தில், 1956-ல், அது மாநிலம் தழுவித் திரும்பி வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். இடையில் போன முப்பது வருஷத்துப் பிள்ளைகளின் பசி எந்தத் தலைப்பில் ஏறியது?

இப்போது என் வெட்கத்துக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26 நம்மில் யாரும் மறக்கமாட்டோம். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் தண்ணீர் ஏறியது. அடுத்த வாரத்திலிருந்து உதவி வந்து குவிந்தது. உண்மையான மனசோடு வந்த உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஒரு நிவாரண மையத்தில் ரிஜிஸ்டர் எழுதும் டியூட்டிக்கு என்னைப் போட்டார்கள். யார் யாரோ கொடுத்தார்கள், நாங்கள் வாங்கிப் பெயர் எழுதி, கைநாட்டு வாங்கி, பொருளைக் கொடுத்தோம். சாயந்திரமானால் மேலே ஸ்டேட்மெண்ட் போகவேண்டும்: இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை, இத்தனை பயனாளிகள்.

ஒரு மீன்காரம்மா, அறுபது வயதிருக்கும், மூன்றாவது தடவையாக வரிசையில் வந்து நின்றாள். அன்றைக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் கொடுத்துக்கொண்டிருந்தோம். ரிஜிஸ்டரைப் புரட்டினால் ஏற்கெனவே இரண்டு தடவை வாங்கியிருக்கிறாள். நான் கொஞ்சம் கடுப்பாகவே, "என்னம்மா, எத்தினி ஸ்டவ் வாங்குவே?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "எனக்கு ஸ்டவ்வு வாணாங்க ஐயா. ரெண்டு வூட்ல குந்தினு கீது. கிருஷ்ணாயில் எங்க கீது ஊத்த? ஒரு அன்னக்கூடை குடுங்க. மீனு எடுத்து வித்தா நானே துன்னுக்குவேன். அதைக் கேக்கத்தான் மூணு நாளா வரேன். வரிசைல நின்னா ஸ்டவ்வக் குடுத்து அனுப்பிடறாங்க" என்றாள்.

அன்னக்கூடை எங்களிடம் இல்லை. எங்கள் பட்டியலில் அந்த வரியே இல்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மூன்றாவது ஸ்டவ்வையும் அவள் கையில் கொடுத்து, கைநாட்டு வாங்கினேன். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், ஸ்டேட்மெண்ட் ஆறு மணிக்குப் போகவேண்டும். அன்று சாயந்திரம் நான் எழுதியதில் அந்த அம்மா மூன்று பயனாளி. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டினார். அன்னக்கூடை விலை அந்த நாளில் ஸ்டவ்வைவிடக் குறைவு. நானே என் பையிலிருந்து வாங்கிக் கொடுத்திருக்கலாம். அது தோன்றவே இல்லை. கணக்குப் புத்தகம் கண்ணை அப்படி மறைக்கும்.

பேத்தி இதைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் லேப்டாப்பைத் திறந்து இப்போதைய சட்டத்தை எனக்கு விளக்கினாள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவாம். 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுவரவோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு சமூகத்துக்குச் செலவிடவேண்டும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறை. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பலவும் இதில் வரும். 2021-ல் இன்னொரு விதி சேர்த்தார்கள். வருஷத்துக்குச் சராசரியாக 10 கோடியும் அதற்கு மேலும் இப்படிச் செலவிடக் கடமைப்பட்ட கம்பெனி, ஒரு கோடிக்குக் குறையாத ஒவ்வொரு திட்டத்தையும், அது முடிந்து ஒரு வருஷமாவது கழித்து, வெளியாள் ஒருவரைக் கொண்டு அளந்து அறிக்கை வாங்கவேண்டும். அந்த வெளியாள்தான் என் பேத்தியின் நிறுவனம்.

'ஒரு வருஷம் கழித்து' என்ற வார்த்தை எனக்குப் பிடித்தது. எங்கள் ஆபீசில் மார்ச் 31-ஆம் தேதியோடு உலகம் முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொன்னாள். சமூகப் பங்குச் சந்தை என்று வந்திருக்கிறதாம். அங்கே தொண்டு நிறுவனம் பத்திரம் வெளியிடலாம், வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது. போட்ட பணத்துக்கு என்ன நன்மை விளைந்தது என்று வருஷா வருஷம் கணக்குக் காட்டவேண்டும், அவ்வளவுதான். "வட்டியும் இல்ல, அசலும் இல்ல, அதுக்குப் பேரு பத்திரமா? எங்க காலத்துல உண்டியல்னு சொல்லுவோம்" என்றேன். சிரித்தாள். ஆனால் உண்டியலில் போட்டவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு என்று ஒரு சட்டம் வந்திருப்பது நல்லதுதான்.

பிரெஞ்சில் தர்மத்துக்கு 'பியான்ஃபெசான்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. பாண்டிச்சேரியில் அந்தப் பெயரில் ஒரு கமிட்டியே இருந்தது. சொல்லைப் பிரித்தால் 'நல்லது செய்தல்'. கொடுத்தல் என்ற அர்த்தமே அதில் இல்லை. கொடுத்ததை எண்ணுவது சுலபம், கொடுத்தவன் வீட்டிலேயே உட்கார்ந்து எண்ணலாம். நல்லது நடந்ததா என்று பார்க்க, வாங்கினவன் வீட்டுக்குப் போகவேண்டும். கார்னிஷ் உடம்பைப் பார்த்தார், லிட்டன் முகாமைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவள் எண்ணூருக்குக் கிளம்பும்போது, ஒரு பழைய குமாஸ்தாவாக மூன்று விஷயம் சொல்லி அனுப்பினேன். கழிப்பறை எத்தனை என்று எண்ணாதே, அதன் பூட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேள். தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார், நிறைந்திருந்தால் ஒரு சத்தம், காலியாயிருந்தால் ஒரு சத்தம். உன் பட்டியலில் கடைசியாக ஒரு பத்தி கூட்டிக்கொள், 'அவர்கள் கேட்டது என்ன' என்று தலைப்புப் போடு.

சாயந்திரம் திரும்பி வந்தாள். தொட்டி நிறைந்திருந்ததாம். சாவி தலைமையாசிரியை மேஜை டிராயரில் இருந்ததாம், கேட்டால்தான் கொடுப்பார்களாம். பெரிய பெண்பிள்ளைகள் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்கிறார்களாம். "ரிப்போர்ட்ல எழுதப் போறேன் தாத்தா. மேல இருக்கறவங்க வெட்டுவாங்களோ என்னவோ" என்றாள். "உன் ஆபீஸ் காப்பியில இருக்கட்டும், என்னிக்காவது யாராவது புரட்டுவாங்க" என்றேன்.

அவளுடைய அம்மா பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில். என் மகனும் அங்கேதான். ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் பெயரில் இருக்கும் ஆஸ்பத்திரி அது. முதலியார் 1911-ல் காலமானார். என் பிள்ளைகள் பிறந்தது அதற்கு அறுபது வருஷத்துக்கும் பின்னால். என் மகளுக்கு ஆயுதம் போட்டுத்தான் பிரசவம், தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வாதீனம் என்றார்கள். அந்த வாசல் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் எழுதிக் காட்ட முடியாது. பீகாரில் சாகாதவனைப் போல நாங்களும் எந்தக் கணக்கிலும் ஏறாதவர்கள்.

இதைப் பேத்தியிடம் சொன்னபோது, "அப்ப நானும் அந்தக் கணக்குலதான் வரேன், இல்ல தாத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் போகும்போது வண்டியை நிறுத்தி வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும் என்றிருக்கிறாள்.